மருதோண்டிக்கு நோன்பு

“பச்ச இலைக்குள்ள சிவப்ப ஆரு உம்மா ஒளிச்சி வெச்ச?”

ஸம்றா இப்படிக் கேட்டபோது அவளுக்கு வயது ஐந்து. நோன்புப் பெருநாளுக்கு முதல் நாள் பின்னேரம், அம்மியில் அரைத்த மருதோண்டியை அவளுடைய உள்ளங்கையில் வட்ட நிலாவாக அப்பிக்கொண்டிருந்தாள் றுமைஸா.

“அல்லாஹ் வெச்ச. கைய ஆட்டாம இரி.”

“அவன் வெச்ச எண்டு தெரியும். எந்த இடத்துல வெச்ச?”

கட்டாரில் இருந்த வாப்பா றவூப், தொலைபேசியில் இதைக் கேட்டுச் சிரித்தார். கூட வேலை செய்யும் தோழர்களிடம் பெருநாள் தினத்திலும் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். பிறகு, வெயிலில் இரும்பு சுமக்கும்போது அந்தக் கேள்வி அவ்வப்போது வந்து போனது. பத்து வருடம் அவர் அங்கே இருந்தார். மகள் வாப்பாவை முகத்தை விடக் குரலால்தான் கூடுதலாக அறிந்திருந்தாள். தாடி நரைத்துத் திரும்பி வந்த நாளில், வாசலில் நின்ற தன்னை அவள் ஒரு கணம் யாரோ என்று பார்த்த பார்வையை அவர் மறக்கவில்லை. அன்று மனைவிக்கும் மகளுக்கும் கேட்கும்படி சொன்னார்: “இனி நான் கடல் தாண்டிப் போக மாட்டன், இன்ஷா அல்லாஹ்.”

சொன்ன சொல்லைக் காப்பாற்ற ஒரு பிழைப்பு வேண்டுமே. போகும் முன்பு சவளக்கடை வயல்வட்டையில் குத்தகைக்கு நெல் வேளாண்மை செய்தவர் அவர். அந்தக் காணி இப்போது வேறொருவர் கையில். மிஞ்சியிருந்தது றுமைஸாவின் சீதனக் காணிதான். கல்முனைக் கடற்கரை வீதிக்கு அப்பால் அரை ஏக்கர் மணல். கடல் ஊருக்குள் வந்துபோன பிறகு அங்கே யாரும் வீடு கட்டவில்லை. இரண்டு தென்னை, ஒரு கிணறு, கடல் பக்கத்து வேலியில் யாரும் நட்டதாக ஞாபகமில்லாத ஒரு கிழட்டு மருதோண்டிச் செடி. அவ்வளவுதான்.

வயலில் நிற்பவர்களுக்கு வரும் சேற்றுப்புண்ணுக்குக் களிம்பு செய்கிற ஒரு மருந்துக்கூடத்தார் மருதோண்டி இலை தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் றவூப்புக்கு நெஞ்சு நிமிர்ந்தது. நானூறு கன்று நட்டார். எல்லாக் காலத்திலும் இலை நிற்கும் செடி. வெட்ட வெட்டத் தழைக்கும். அதை அவர் வளர்த்த விதத்தைப் பார்க்க ஆட்கள் நின்று போனார்கள். வெயில் படாமல் மேலே பச்சை வலை கட்டினார். காலையும் மாலையும் கிணற்றில் மோட்டார் போட்டுத் தண்ணீர் பாய்ச்சினார். வேளாண்மைக்குப் போடுவது போலக் கணக்காக யூரியா போட்டார். நெல்லுக்காரனின் கண்ணுக்குப் பச்சைதான் எல்லாம். பயிர் கறுத்துப் பச்சையாக நின்றால் அவனுக்கு அன்று சோறு இறங்கும். சின்ன விரல் நகமளவு வர வேண்டிய இலை பெருவிரல் நகமளவுக்கு அகன்று, எண்ணெய் தடவினாற்போல மின்னியது.

“றவூப் காக்கா, இது மருதோண்டியா, கீரையா?” என்று வேலிக்கு வெளியே நின்று கேட்டார் பக்கத்து வளவு அப்துல் ஸமட்.

“கீரையா இருந்தா நீ இம்மட்டுக்கும் ஆஞ்சிட்டுப் போயிருப்பாய்.”

“நான் ஆய மாட்டன். உங்கட மேற்பார்வ அப்பிடி. நம்மட ஊட்டுப் புள்ளைகளக்கூட நாம இப்பிடிப் பாக்கல்ல.”

மாரிமழை ஓய்ந்ததும் முதல் வெட்டு இலை போனது. மருந்துக்கூடத்துக்காக இலையைச் சோதித்துக் கொடுப்பவள் துஷாந்தினி. பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் வேலை செய்கிற பிள்ளை. நோன்பு தொடங்க ஒரு கிழமை இருக்கையில் அவளே அழைத்தாள்.

“அங்கிள், கோவிக்காதீங்க. இலை சரிவரல்ல.”

“என்ன மகள், புழுவா?”

“புழு இல்ல. இலை வடிவான இலை. ஆனா பலம் இல்ல. நாங்க புண்ணில இருக்கிற கிருமிய ஒரு தட்டில வளப்பம். இலைச்சாறு ஊறின கடதாசிப் பொட்டு ஒண்ட நடுவில வெப்பம். பலம் இருந்தா பொட்டச் சுத்திக் கிருமி செத்து, வெளிச்சமா ஒரு வட்டம் விழும். பொட்டு ஆறு மில்லிமீற்றர். உங்கட வட்டம் ஏழு.”

“ஏழு கூடத்தானே மகள்?”

“பொட்டையும் சேத்துத்தான் அங்கிள் ஏழு.”

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முன் இன்னொரு தடவை அனுப்பலாம், அதிலும் சரிவராவிட்டால் அவர்கள் வேறு இடத்தில் இலை எடுப்பார்கள் என்றாள் அவள். றவூப் தொலைபேசியை மடியில் வைத்துக்கொண்டு கிணற்றுக்கட்டில் இருந்துவிட்டார்.

செய்தி எப்படித்தான் போகுமோ, அன்று அஸர் தொழுகைக்குப் பிறகு கட்டாரிலிருந்து றுமைஸாவின் அண்ணன் காலிதீன் காக்கா அழைத்தார்.

“மச்சான், சுத்தி வளைச்சிக் கதைக்க மாட்டன். விசா என்ட கையில இரிக்கி. ஹஜ்ஜுப் பெருநாள் கழிய வரலாம். பழைய வேலதான், பழைய முதலாளிதான்.”

“கொஞ்சம் பொறுங்க மச்சான். இன்னொருக்கா இலை அனுப்பலாமாம்.”

“இலைய நம்பி எத்தின நாளைக்கி? அந்தப் பெருநாளைக்கு முதல் முடிவச் சொல்லுங்க. இல்லாட்டி வேறாள் நிக்கான்.”

குசினியில் றுமைஸா தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். தொலைபேசி ஓய்ந்த பிறகும் துருவினாள். வெள்ளை முடிந்து சிரட்டைத் தூள் விழத் தொடங்கியதை ஸம்றாதான் கண்டு துருவலையை வாங்கி வைத்தாள்.

*

அந்த வாரம்தான் அந்தப் பிழை நடந்தது.

இலை வெட்ட வருகிறவள் சொறிக்கல்முனை செல்லத்தங்கம். கணவன் இல்லை. சொந்தமாகச் சின்னதொரு வயல் துண்டு உண்டு. மற்ற நாட்களில் பிறர் வயலில் புல்லுப் பிடுங்குவாள், வேலை இல்லாத நாளில் கிட்டங்கிப் பாலம் தாண்டி பஸ்ஸில் வந்து இங்கே இலை வெட்டுவாள். அன்று றவூப் வந்து பார்க்கையில் அவள் தோட்டத்துக்குள் இல்லை. கடல் பக்கத்து வேலியில் நின்ற அந்தக் கிழட்டுச் செடியில் இலை உருவிக்கொண்டிருந்தாள். உப்புக் காற்றில் முறுகி, ஒரு பக்கமாகச் சாய்ந்து, பொடிப் பொடியாகச் சாம்பல் பூத்த இலையுடன் நிற்கும் செடி அது. ஒரு வாளித் தண்ணீர்கூட யாரும் அதற்கு ஊற்றியதில்லை.

“இஞ்ச நானூறு கண்டு நிக்கி. என்னத்துக்கு அந்தச் செத்தல உருவுறாய்?”

“இது என்ட காலுக்கு காக்கா.” அவள் இடது காலைத் தூக்கிக் காட்டினாள். விரலிடுக்குகள் வெடித்துக் காய்ந்து கொண்டிருந்தன. “உங்கட தோட்டத்து இலைய ஒரு கிழம போட்டன். குளிர்ச்சியாத்தான் இருந்திச்சி. ஆனா புண் காயல்ல. மறுகா இத அரைச்சிப் போட்டன். மூணு நாள். பாருங்களன், காஞ்சி வருகுது.”

வேறொரு நாளாக இருந்தால் றவூப் குனிந்து பார்த்திருப்பார். அன்று அவருடைய காதுக்குள் ஏழு மில்லிமீற்றர் இன்னும் இரைந்துகொண்டிருந்தது.

“என்ட இலைக்குப் பலமில்ல எண்டு நீயும் ஊரெல்லாம் சொல்லப்போறாய். அப்பிடித்தானே?”

“நான் ஆருட்ட காக்கா சொல்லப்போறன்?”

“கூலிக்கு வந்தா கூலி வேலையப் பாக்கணும். வேலியில மேயிறதுக்கு மாடு இரிக்கி. நாளைக்கி நீ வரத் தேவல்ல.”

செல்லத்தங்கம் மடியில் இருந்த இலையைக் கிணற்றுக்கட்டில் கொட்டினாள். சீலையை உதறினாள். கால் நொண்டியபடியே மணலில் நடந்து வீதிக்கு ஏறினாள். வாயால் போன சொல் எவ்வளவு தூரம் போகும் என்று சொன்னவருக்கே தெரியாது. றவூப் நல்ல மனிதர்தான். நல்ல மனிதர்களுக்கு இப்படியான சொல் செமிக்காமல் வயிற்றில் நிற்கும். அன்று அவர் பகல் சோற்றைப் பாதியில் விட்டு எழுந்தார்.

கிணற்றுக்கட்டில் கிடந்த இலையை அள்ளி எடுத்தவள் றுமைஸா. நடந்ததைக் கண்ட ஸம்றா சொல்லக் கேட்டிருந்தாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. மாதத்தில் ஒரு வெள்ளி றவூப்பின் தாடிக்கு மருதோண்டி போடுவது அவர்கள் வீட்டு வழக்கம். நபிவழி, சுன்னத்தான காரியம் என்று விருப்பத்தோடு இருந்து கொடுப்பார். அன்று அவள் இரண்டு கிண்ணம் வைத்திருந்ததை அவர் கவனிக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு தஸ்பீஹ் ஓதினார். வலப்பக்கம் ஒரு கிண்ணத்திலிருந்து, இடப்பக்கம் மற்றதிலிருந்து அவள் பூசினாள். அவர் குளித்து, தொப்பி போட்டு, கண்ணாடி பார்க்காமல் ஜும்ஆத் தொழுகைக்குப் போய்விட்டார்.

குத்பாப் பிரசங்க நேரத்தில் பேசக் கூடாது என்பதால் பள்ளிவாசல் பிழைத்தது. தொழுகை முடிந்து ஸலாம் கொடுக்கக் கையை நீட்டிய அப்துல் ஸமட் கையை விடாமல் அவருடைய முகத்தையே பார்த்தார்.

“என்ன காக்கா இது? ஒரு பக்கம் மாப்பிள்ள, மத்தப் பக்கம் மாமனாரா இரிக்கி.”

சுற்றி நின்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். கை கால் கழுவி வுழூச் செய்யும் ஹவுழ்த் தொட்டித் தண்ணீரில் குனிந்து பார்த்தார் றவூப். வலப்பக்கத் தாடி வெளிறிய மஞ்சள். இடப்பக்கம் மாதுளம்பூப் போல ஆழச் சிவப்பு.

வீட்டுக்குள் நுழையும்போதே சத்தம் போட்டார். “றுமைஸா! பள்ளிக்குள்ள என்னக் கூத்தாடியாக்கிப்போட்டாய் புள்ள!”

அவள் கண்ணாடியைக் கொண்டுவந்து எதிரே பிடித்தாள். “வலப்பக்கம் நீங்க வலை கட்டி, தண்ணி ஊத்தி, யூரியா போட்டு வளத்தது. இடப்பக்கம் அந்தப் புள்ள கிணத்துக்கட்டுல கொட்டிட்டுப் போனது. ரெண்டும் ஒரே நேரம் அரைச்சி, ஒரே நேரம் பூசி, ஒரே நேரம் கழுவின. இப்ப ஏசுங்க. கேக்கிறன்.”

றவூப் கண்ணாடியைப் பார்த்தார். நீண்ட நேரம் பார்த்தார். இடப்பக்கத் தாடியைத் தடவினார்.

*

ஸம்றா இரண்டு இலையையும் இரண்டு பையில் கட்டி ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோனாள். மூன்று நாள் கழித்து, நோன்பின் பிறை தேடும் அன்று, துஷாந்தினி வாப்பாவையும் மகளையும் வரச் சொல்லித் தட்டைக் கண்ணாலேயே பார்க்க வைத்தாள். மங்கலான பரப்பில் இரண்டு கடதாசிப் பொட்டுகள். ஒன்றைச் சுற்றி மயிரிழை. மற்றதைச் சுற்றிப் பிறை முற்றி நிலவானது போலத் தெளிந்த வட்டம்.

“பத்தொம்பது,” என்றாள் துஷாந்தினி. “எந்தத் தோட்டம் அங்கிள் இது?”

“தோட்டமில்ல மகள். வேலி.”

“அப்ப வேலிதான் உங்களுக்குப் பாடம் சொல்லியிருக்கு. நல்ல வெயிலும் உப்புக் காத்தும் தண்ணித் தட்டுப்பாடும் இருந்தா, மரம் தன்னைக் காப்பாத்த இலைக்குள்ள ஒரு சாமான் சேத்து வெக்கும். அதுதான் தாடியச் சிவப்பாக்கினது. கிருமியக் கொல்லுறதும் அதேதான். உங்கட கண்டுகளுக்கு நிழல், தண்ணி, யூரியா எல்லாம் கேக்க முதல் கிடைச்சிட்டு. அது வளந்திட்டு, அவ்வளவுதான். சேத்து வெக்க அதுக்கு என்ன தேவ?”

ஸம்றா வாப்பாவின் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள். அவரும் சிரித்தார். கட்டாரின் வெயிலில் சுமந்து திரிந்த கேள்விக்கு, அரைச் சாண் கண்ணாடித் தட்டில் பதில் கிடந்தது.

அன்று மஃரிப் தொழுகைக்குப் பிறகு பிறை தெரிந்தது. றுமைஸா விடியமுன் உண்ணும் ஸஹருக்கு அரிசி களைந்துகொண்டே சொன்னாள்:

“அப்ப நானூறு கண்டுக்கும் நாளையிலிருந்து நோன்பு.”

நோன்பு என்ற அந்தச் சொல் ஊரில் ஒட்டிக்கொண்டது. பச்சை வலை அவிழ்ந்தது. யூரியா மூட்டையை வேளாண்மைக்காரர் ஒருவருக்குக் கொடுத்துவிட்டார். மோட்டார் பத்து நாளைக்கு ஒரு தடவை மட்டும் இரைந்தது. போகிற வருகிறவர்கள் கேட்டார்கள்: “காக்கா, கண்டெல்லாம் ஸஹருக்கு எழும்பிச்சா?” “பச்சப் புள்ளைகளுக்கு நோன்பு கடமையில்ல காக்கா, பாவம், தண்ணி குடுங்க!” றவூப் சிரித்துச் சமாளித்தார். உள்ளே சிரிப்பு இல்லை. பயிர் வாடுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க அவருக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. பெரிய இலைகள் பழுத்து உதிர்ந்தன. கிளைகள் எலும்பாகத் தெரிந்தன. முதல் மாதத்தில் இருபத்தேழு கன்று செத்தது. செத்ததை அவரே ஒவ்வொன்றாகப் பிடுங்கி வேலியோரம் அடுக்கினார்.

நோன்புப் பெருநாள் கழிந்தது. மேற்கிலிருந்து கச்சான் எழும்பியது. மணலைச் சூடாக்கி முகத்தில் அறைகிற காற்று. ஒருநாள் உச்சிப் பொழுதில் கன்றுகள் எல்லாம் தலை கவிழ்ந்து நிற்கக் கண்டு, அவர் தாங்காமல் ஓடிப்போய் மோட்டாரின் சுவிட்சில் கை வைத்தார். பின்னாலேயே வந்த றுமைஸா அந்தக் கையைப் பிடித்தாள்.

“இன்னும் ரெண்டு நாள் இரிக்கி. நோன்ப முறிக்காதீங்க.”

“எல்லாம் செத்துப் போச்சிதெண்டா?”

“செத்தா நீங்க கட்டாருக்குப் போவீங்க. நான் திரும்பவும் ஃபோனப் பாத்துக்கிட்டிருப்பன். அது எனக்குத் தெரியாதா? தெரிஞ்சிதான் கையப் புடிக்கன்.”

அவர் சுவிட்சிலிருந்து கையை எடுத்தார். இருவரும் தென்னை நிழலில் போய் உட்கார்ந்து கன்றுகளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பொழுது சாயக் கடலிலிருந்து காற்றுத் திரும்பியது. கவிழ்ந்த தலைகள் மெல்ல மெல்ல நிமிர்ந்தன. ஒன்றல்ல, இரண்டல்ல, வரிசை வரிசையாக. றுமைஸா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அல்ஹம்துலில்லாஹ்” என்றாள்.

அதற்குப் பிறகு வந்த துளிர் வேறு மாதிரி வந்தது. சின்ன இலை. தடித்த இலை. விரலால் நசுக்கினால் விரல் நுனி சிவந்தது.

*

வெட்டுக்கு நாள் வைத்ததும் றவூப் ஸம்றாவைச் சொறிக்கல்முனைக்கு அனுப்பினார். செல்லத்தங்கம் வந்தாள். வராமல் இருந்திருக்கலாம், வந்தாள். வேலியடியில் அவளை எதிர்கொண்டவர் தொண்டையைச் செருமினார்.

“தங்கச்சி, அண்டைக்கி நான்…”

“கத்தி மொட்டையா இரிக்கி காக்கா, தீட்டித் தாறயளா?” என்று அவள் கத்தியை நீட்டினாள். அவர் தீட்டிக் கொடுத்தார்.

இலை போய் ஐந்தாம் நாள் முற்பகலில் துஷாந்தினி அழைத்தாள். றவூப் பயத்தில் தொலைபேசியை ஸம்றாவிடம் கொடுத்தார். அவள் ஸ்பீக்கரில் சத்தமாக வைத்தாள். தோட்டத்தில் நின்ற எல்லாருக்கும், செல்லத்தங்கத்துக்கும், கேட்டது.

“இருபத்தொண்டு அங்கிள்!”

றவூப் தொலைபேசியின் பக்கம் குனிந்தார். “பொட்டையும் சேத்தா மகள்?”

“பொட்டையும் சேத்துத்தான்! வேலியையும் வெண்டிட்டீங்க. மருந்துக்கூடத்தார் இனி வேற இடத்தில கேக்க மாட்டம் எண்டு சொல்லிட்டாங்க.”

ஸம்றா கூவினாள். அப்துல் ஸமட் வேலியைச் சுற்றி வர நேரமில்லாமல் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு தாண்டியே வந்துவிட்டார். றவூப் சூடான மணலில் அப்படியே ஸுஜூதில் விழுந்தார். நெற்றியில் மணலோடு எழும்பியவர் முதலில் அழைத்தது காலிதீனை.

“மச்சான், அந்த விசாவ மத்தாளுக்குக் குடுங்க. அவனுக்கும் புள்ள குட்டி இருக்கும்.”

“மெய்யாவா மச்சான்?” காலிதீனின் குரல் மாறியிருந்தது. “எனக்கும் ஒரு நூறு கண்டு வெச்சிப் பாருங்களன். நானும் வரத்தானே வேணும்.”

றுமைஸா அன்று வட்டிலப்பம் அவித்தாள். வந்தவர்களுக்கெல்லாம் தென்னையடியில் பாய் விரித்தாள். றவூப் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்: “இதக் கண்டுபுடிச்ச நானுமில்ல, ஆய்வுகூடமுமில்ல. செல்லத்தங்கத்திட கால்தான் கண்டுபுடிச்ச!”

“என்ட காலுக்கு ஒரு சாட்டிபிக்கட் வாங்கித் தாங்க காக்கா,” என்றாள் அவள். சிரிப்பு அடங்க வெகுநேரமானது. புகழ்ந்தாயிற்று. ஆனால் மாடு என்று சொன்ன சொல் மட்டும் இன்னும் அவர் வயிற்றில் அப்படியே கிடந்தது.

றுமைஸா இன்னொரு துண்டு வட்டிலப்பத்தை செல்லத்தங்கத்தின் கையில் வைத்து, “இன்னும் கொஞ்சம் இருந்திட்டுப் போங்களன்,” என்றாள்.

“இருக்க ஏலா ராத்தா. வயலப் பாக்கணும். கடைசியாத் தண்ணி வந்து பதினொரு நாள். என்ட துண்டு வாய்க்கால் கடைசி. ஆத்துவாழைச் செடி வந்து வாய்க்கால அடைச்சிப்போட்டு. தண்ணி விடுற வட்டவிதானைக்கிட்ட மூணு தரம் சொல்லிட்டன். மேல உள்ள ஆக்களுக்குத் தண்ணி ஏறுது, ஆருக்கு அவசரம்? பயிர் குடலையில நிக்கிது.”

பெண்கள் உச்சுக் கொட்டினார்கள். பிறகு பேச்சு வேறு பக்கம் திரும்பியது. றவூப் மட்டும் வாயில் வைத்த கரண்டியை எடுக்காமல் இருந்தார். குடலைப் பருவம் என்றால் என்னவென்று அந்தப் பாயில் அவருக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது. கதிர் வயிற்றுக்குள் நிற்கிற நேரம். மருதோண்டி தாங்கிய நோன்பை நெல் இன்னொரு கிழமை தாங்காது.

மறுநாள் ஸுபஹ் தொழுதுவிட்டு, மண்வெட்டியையும் கத்தியையும் சாக்கில் சுற்றி மோட்டார் சைக்கிளில் கட்டினார். எங்கே என்று றுமைஸா கேட்டதற்கு, “வட்டைப் பக்கம் ஒரு வேல” என்றார். கிட்டங்கிப் பாலம் தாண்டும்போது கிழக்கு வெளுத்திருந்தது. வயல்களில் ஆளில்லை. கடைசித் துண்டை அவர் யாரிடமும் விசாரிக்கவில்லை. பச்சை எங்கே மங்குகிறதோ அங்கே போனார்.

வாய்க்கால் நாற்பது முழத் தூரத்துக்கு மிதக்கும் ஆற்றுவாழையால் இறுகிக் கிடந்தது. சாரத்தைத் தொடைக்கு மேல் மடித்துக் கட்டி இடுப்பளவு சேற்றில் இறங்கினார். வேரை வெட்டி, வாரி, கரையில் எறிந்தார். பத்து வருடம் இரும்பு தூக்கிய முதுகு முறையிட்டது. “பிழை என்ட பக்கம்தான் தங்கச்சி,” என்று ஒருமுறை வாய்விட்டுச் சொன்னார். கேட்க அங்கே ஒரு நீர்க்காகம்தான் இருந்தது. அதுவும் பறந்துவிட்டது.

வெயில் ஏறுமுன் கடைசி அடைப்பு விட்டது. தண்ணீர் முதலில் தயங்கியது. பிறகு நுரையும் சருகும் தள்ளிக்கொண்டு ஓடிவந்து, வெடித்த மண்ணின் வாயில் சளசளவென்று இறங்கியது. அவர் வயல் வரம்பை ஒரு முழம் வெட்டி வாய் திறந்து விட்டு, மண்வெட்டியைக் கழுவிச் சாக்கில் சுற்றினார். தூரத்தில் யாரோ சைக்கிள் மணி அடிக்கும் சத்தம் கேட்டது. றவூப் குனிந்து வேகமாக நடந்தார். அவர் நின்ற இடத்தில், ஈர வரம்பில் பதிந்திருந்த கால்தடங்களுக்குள் தண்ணீர் ஏறி அவற்றை மூடியது.